மரவள்ளிப் பை

கொத்தி எடுத்த புழுவைக் கோழி கீழே போட்டுவிட்டது.

மண் அள்ளிக்கொண்டிருந்த லூர்து மேரியின் கை அப்படியே நின்றது. ரப்பர் கன்றுகளுக்காகப் பையில் மண் நிரப்பும் இடம் அது; தோட்டத்தில் எல்லோரும் நர்சரி என்பார்கள். அங்கே மண் குவியலை ஒரு கிளறு கிளறினால் போதும், லயத்து வீடுகளின் கோழிகளுக்கெல்லாம் கல்யாணச் சாப்பாடுதான். எங்கிருந்துதான் மோப்பம் பிடிக்குமோ, இறக்கையை அடித்துக்கொண்டு வந்து காலுக்குள் நுழையும். விரட்டி விரட்டிப் பெண்களுக்குத் தொண்டை வறண்டுபோகும். அன்று அந்தச் செவலைக் கோழி புழுவை அலகில் வைத்து ஒருமுறை உதறியது, பிறகு சுடுசோற்றில் வாய் வைத்த குழந்தை மாதிரி துப்பிவிட்டு, அலகை இரண்டு பக்கமும் மண்ணில் தேய்த்துத் தேய்த்துத் துடைத்தது. மற்ற கோழிகள் வந்து தலையைச் சாய்த்துப் பார்த்தன. ஒன்றும் தொடவில்லை. சிறிது நேரத்தில் எல்லாம் வந்த வழியே திரும்பிப் போய்விட்டன.

புழு அங்கேயே கிடந்தது. மண்புழுவுக்கு வெளிச்சம் ஆகாது. வெயில் பட்ட உடனே மண்ணுக்குள் தலையைக் குத்தும். இது குத்தவில்லை. உடம்பு வெளுத்து, எண்ணெய் தடவியதுபோல் மினுங்கியது. அது தின்ற மண் உள்ளே ஒரு கோடாக ஓடுவது வெளியிலிருந்தே தெரிந்தது.

பக்கத்தில் குந்தியிருந்த மருதம்மாளிடம் காட்டினாள். மருதம்மாள் அவளுக்கு மூத்தவள், நர்சரியிலேயே வாய் நீளம் அவளுக்குத்தான். கோழிக்கும் நாக்கு ருசி கண்டுவிட்டது, இனிமேல் அதற்கும் தட்டில் மீ கோரேங் வைக்க வேண்டியதுதான் என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். லூர்து மேரியும் சிரித்துவிட்டு வேலையைப் பார்த்தாள்.

புதுப் பைகள் வந்தது அந்த வருடத் தொடக்கத்தில்தான். எண்பத்து நான்காம் வருடம். கோலா கெத்தில் டவுனிலிருந்து உள்ளே போகும் செம்மண் சாலையின் கடைசியில் இருந்த அந்தத் தோட்டத்தில், கிழட்டு மரங்களை வெட்டிச் சாய்த்துவிட்டுப் புதுக் கன்று போட்டுக்கொண்டிருந்தார்கள். அதுவரை எல்லாம் கறுப்பு பிளாஸ்டிக் பை. கன்றைக் குழியில் வைப்பதற்கு முன் கத்தியால் பையைக் கீறி உரித்தெடுக்க வேண்டும். உரித்த பை காற்றில் பறந்துபோய்க் கால்வாயை அடைக்கும், மாடு தின்றுவிட்டு வயிறு ஊதிச் சாகும். புதுப் பை அப்படியில்லை. வெளிர் மஞ்சள் நிறம், தொட்டால் விரலில் மாவு ஒட்டும். எங்கோ வெளிநாட்டில் செய்து, பரீட்சை பார்ப்பதற்காக அனுப்பியிருக்கிறார்கள் என்று வேலையை மேற்பார்க்கும் கண்டக்டர் அழகேசன், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் எல்லோரையும் நிற்கவைத்துச் சொன்னார்.

"மரவள்ளி மாவுல செஞ்சது. கிழிக்கிற வேலையே இல்ல, பையோட குழியில வெச்சு மண்ண மூடுங்க. பாதி மழைக்குக் கரையும், மிச்சத்தப் புழு தின்னுட்டுப் போயிரும்," என்றவர், ஒரு பையின் ஓரத்தைக் கிழித்து வாயில் போட்டு மென்று காட்டினார். "பசிச்சா நீங்களும் தின்னலாம்லா."

அழகேசன் கெட்டவர் இல்லை. விடிந்தும் விடியாத நேரத்தில் தூங்கி வழியும் ஜனங்களைக் கொஞ்சம் சிரிக்கவைக்கப் பார்த்தார், அவ்வளவுதான். மென்றதை அந்தப் பக்கம் போய்த் துப்பியும் இருப்பார். ஆனால் லூர்து மேரி அதைப் பார்க்கவில்லை. அவள் பார்த்தது, படித்த மனிதர் ஒருவர் அதை மென்றதை மட்டும்தான்.

அவளுக்கு அப்போது மசக்கை. கல்யாணமாகிப் பல வருடமாகியும் வயிற்றில் வந்த இரண்டும் தங்கவில்லை. போன வருடம் புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் கோயில் திருவிழாவில், நெருக்கியடிக்கும் கூட்டத்தில் முழங்காலிலேயே போய், அடுத்த திருவிழாவுக்குப் பிள்ளையோடு வருகிறேன் தாயே என்று நேர்ந்துகொண்டாள். அதன் பிறகு வந்தது இது. கணவன் இஞ்ஞாசிமுத்து ரப்பர் மரத்தில் பால் வெட்டுபவன், அதிகம் பேசாதவன். அவன்கூட இப்போதெல்லாம் அவள் குனிந்து தண்ணீர்க் குடம் எடுத்தால் ஓடிவந்து பிடுங்கிக்கொண்டான். இந்தப் பிள்ளை உயிரோடு கைக்கு வர வேண்டும். அவளுக்கு உலகத்தில் வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

மசக்கைக்காரி மண் தின்பது லயத்தில் புதிதில்லை. ஒருத்தி அடுப்புச் சாம்பல் தின்பாள், ஒருத்தி சுவரைச் சுரண்டிச் சுண்ணாம்பு தின்பாள், மருதம்மாள் நாலு பிள்ளைக்கும் புற்றுமண் தின்றவள். அதனால் லூர்து மேரி ஈரமண் ஒட்டிய பையின் ஓரத்தைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டபோது யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அது வேகவைத்த மரவள்ளி மாதிரியே மணத்தது. முதலில் பல்லில் ஒட்டியது, பிறகு வழவழவென்று ஆனது, பிறகு ஒரு மெல்லிய இனிப்பு தொண்டைக்குள் இறங்கியது. வாரக்கணக்காக எதைத் தின்றாலும் வாந்தி எடுத்துக்கொண்டிருந்த வயிறு, கிடைத்ததைப் பிடித்துக்கொண்டு அமைதியானது. மரவள்ளிதானே, சாப்பாட்டுச் சாமான்தானே. அப்படித்தான் நினைத்தாள். மறுநாளும் தின்றாள். அதற்கு மறுநாள் இடுப்பில் ஒரு பையைச் செருகிக்கொண்டு வீட்டுக்கே கொண்டுவந்தாள்.

கன்றுகளைப் பையோடு, பழைய மரங்களை வெட்டிய காட்டில் நட்டார்கள். நல்ல மழை பெய்தது. சில வாரத்தில் கன்றுகள் ஒவ்வொன்றாக மஞ்சளித்தன. காரணம் பார்க்க அழகேசன் ஒரு கன்றைத் தோண்டச் சொன்னார். மருதம்மாள் சுற்றிலும் மண்ணை வெட்டித் தள்ள, லூர்து மேரி தண்டைப் பிடித்து மெல்லத் தூக்கினாள்.

பை இல்லை. சொன்னபடியே போய்விட்டிருந்தது. ஆனால் பையின் வடிவம் அப்படியே நின்றது. அதே உயரம், அதே வட்டம், அடியில் அதே மடிப்பு. வெளுத்த புழுக்கள் ஒன்றோடொன்று ஒட்டி, வேரைச் சுற்றிப் பை மாதிரியே நின்றன. வெயில் நேராக அடித்தது. ஒன்றுகூட அசையவில்லை, ஒன்றுகூட உதிரவில்லை. அவள் கையில் இருந்த கன்று மட்டும் லேசாகத் துடித்தது. மூச்சு விடுகிற ஒன்றைப் பிடித்திருப்பதுபோல் இருந்தது. குளிர்ந்த, ஈரமான மரவள்ளி வாசனை முகத்தில் மோதியது. பயத்தில் அவளுக்கு மயிர் கூச்செறிந்தது. அதே நேரத்தில் வாயில் எச்சில் ஊறியது. அதுதான் அவளை அதிகமாகப் பயமுறுத்தியது.

புழுக்களுக்கு நடுவே முட்டைகள் இருந்தன. மண்புழு முட்டை கடுகளவு, பழுப்பாக இருக்கும். நர்சரியில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும். பொரித்துப் போன வெற்றுக் கூடுகளும் கூடவே கிடக்கும். இங்கே வெற்றுக் கூடு ஒன்றுகூட இல்லை. இருந்ததெல்லாம் வெந்த ஜவ்வரிசி மாதிரி தெளிவான முட்டைகள். ஒவ்வொன்றிலும் நூலளவு புழு ஒன்று, உயிரோடு, உள்ளேயே சுற்றிச் சுற்றி வந்தது. மருதம்மாள் ஒன்றை எடுத்து இரண்டு விரலால் நசுக்கினாள். அது வழுக்கியது, நெளிந்தது, பழையபடி உருண்டையானது.

"வெளிய வர வழி தெரியல பாவம்," என்றாள் மருதம்மாள். இந்த முறை அவள் சிரிக்கவில்லை.

அழகேசனும் சிரிக்கவில்லை. அன்று மத்தியானமே மிச்சப் பைகளைக் கொளுத்தச் சொன்னார். பரீட்சை முடிந்தது, பழைய கறுப்புப் பையே போதும் என்றார். பெண்கள் கட்டுக்கட்டாகத் தூக்கி நெருப்பில் போட்டார்கள். லூர்து மேரி ஒரு பைக்கட்டை மட்டும் பாவாடைக்குள் மறைத்து வீட்டுக்குக் கொண்டுபோனாள். தப்பு என்று தெரிந்துதான் செய்தாள். கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டு, செபமாலையை எடுத்துக்கொண்டு, ஒரு மணி உருட்டுவதற்குள் அழுதுவிட்டாள்.

கூடவே கைப்பிடி மண்ணில் நாலைந்து முட்டைகளையும் எடுத்துவந்திருந்தாள். பால் டின்னில் போட்டு அடுப்படிச் சன்னலில் வைத்தாள். ஏன் என்று கேட்டால் அவளால் சொல்ல முடியாது. அவை பொரிந்தால் தனக்கும் ஒன்றும் ஆகாது என்று மனசு எப்படியோ ஒரு கணக்குப் போட்டுக்கொண்டது. தினமும் பெரட்டுக்குப் போகும் முன் டின்னை எட்டிப் பார்ப்பாள்.

அவை பொரியவில்லை. சாகவும் இல்லை. உள்ளே இருந்த புழுக்கள் வளர்ந்தன. அவை வளர வளர முட்டைத் தோலும் கூடவே விரிந்தது. ஜவ்வரிசி பட்டாணியானது, பட்டாணி கோலிக்குண்டானது. மழை பிடித்த மாலைகளில், ஓட்டின் மேல் கொட்டும் தண்ணீர் சற்று ஓய்ந்து, பக்கத்து வீட்டு ரேடியோவும் அடங்கியபின், டின்னுக்குள் அவை ஒன்றின் மேல் ஒன்று உரசிக்கொள்ளும் சத்தம் கேட்கும். ஈரமான சத்தம். நனைந்த ரப்பர் செருப்பைத் தேய்ப்பது மாதிரி. அவள் வயிற்றில் கை வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டே இருப்பாள். கை வைத்த இடத்தில் பிள்ளை அசையும்.

ஒருநாள் இஞ்ஞாசிமுத்து டின்னைப் பார்த்துவிட்டான். தூண்டிலுக்காகும் என்று நினைத்து ஒன்றை எடுத்து, பலகையில் வைத்து, சவர பிளேடால் அறுத்தான். பிளேடு இறங்கியது. எடுத்ததும் தோல் மூடிக்கொண்டது. கோடுகூட இல்லை. மறுபடி அறுத்தான். மறுபடி மூடிக்கொண்டது. உள்ளே இருந்த புழு மட்டும் இரண்டு துண்டாகி, இரண்டும் தனித்தனியே நெளிந்தன. அவன் முகம் வெளிறிவிட்டது. டின்னைக் கொண்டுபோய் ஆற்றில் வீசிவிட்டு வந்து, கையை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டே இருந்தான். தான் பை தின்பதை அவள் அப்போதே அவனிடம் சொல்லியிருக்கலாம். பயந்துவிட்டாள்.

அன்றோடு தின்பதை நிறுத்தினாள். முதல் நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். இரண்டாம் நாள் தட்டில் போட்ட சோற்றை அப்படியே தள்ளிவைத்தாள். மூன்றாம் நாள் வயிற்றில் பிள்ளை உதைத்த உதை தாங்காமல் கட்டிலுக்கு அடியில் ஊர்ந்துபோய், இருட்டில், இரண்டு கையாலும் கிழித்துக் கிழித்துத் தின்றாள். பிள்ளை அடங்கியது. கேட்டது அவள் நாக்கு இல்லை என்று அப்போதுதான் புரிந்தது.

கட்டு தீர்ந்தது. அதற்குள் மாதமும் நிறைந்துவிட்டது.

வலி வரவில்லை. அன்னம்மாள் திருவிழா வந்தது. கையில் பிள்ளை இல்லாமல் எப்படிப் போவது என்று அவள் போகவில்லை. இஞ்ஞாசிமுத்து மட்டும் போய் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தான். திருவிழா முடிந்தது. வலி வரவில்லை. தோட்டத்து மருந்தகத்து டிரெசர் வயிற்றைத் தடவிப் பார்த்தார், குழாய் வைத்துக் கேட்டார், பிள்ளை கல்லுக்குண்டாக இருக்கிறது, நீதான் மாதத்தைத் தப்பாகச் சொல்லியிருப்பாய் என்றார். டவுன் ஆஸ்பத்திரியிலும் அதையேதான் சொன்னார்கள். நர்ஸ் மிஸ்ஸி ஒருத்தி அவள் வயிற்றை வியந்து பார்த்து, இத்தனை பெரிய வயிற்றில் ஒரு கோடு, ஒரு வெடிப்பு இல்லையே, என்ன எண்ணெய் தேய்க்கிறாய் என்று கேட்டாள். லூர்து மேரி எண்ணெய் எதுவும் தேய்க்கவில்லை.

தோல் மினுங்கியது. குளித்தால் தண்ணீர் ஒட்டாமல் உருண்டு ஓடியது. எத்தனை வெயிலிலும் வயிற்றில் வியர்வை இல்லை. அழுத்தினால் வலி இல்லை. அவள் நடந்தால் லயத்துக் கோழிகள் ஒதுங்கி வழிவிட்டன.

மருதம்மாள் இரண்டு வேளையும் வந்து கஷாயம் கொடுத்தாள், முதுகைத் தேய்த்துவிட்டாள். வாய் ஓயாத மருதம்மாளிடம் இப்போது கேலி ஒன்றும் இல்லை என்பதை லூர்து மேரி கவனித்தாள்.

"அக்கா, ஒங்களுக்குத் தெரியும்தானே," என்று ஒருநாள் கேட்டேவிட்டாள்.

மருதம்மாள் அவள் தலைமுடியை ஒதுக்கிவிட்டுச் சொன்னாள்: "ஆஸ்பத்திரியில கத்தி வெச்சு எடுத்துருவாங்கம்மா. இப்பல்லாம் அது சின்ன வேலைதான்."

அதைத்தான் டாக்டரும் சொல்லி அனுப்பியிருந்தார். இனிக் காத்திருப்பது சரியில்லை, மறுநாள் காலையில் ஆபரேஷன். இஞ்ஞாசிமுத்துவுக்கு அத்தனை சந்தோஷம். தொட்டில் கட்டுவதற்குக் கம்பியும் புதுக் கைலியும் வாங்கிவந்திருந்தான். காலையில் தோட்டத்து லாரி கிடைக்குமா என்று கேட்பதற்காக ஆபீஸ் பக்கம் போனான். போகும்போது வாசலில் நின்று, வெட்கப்பட்டுக்கொண்டே, பையனாக இருந்தால் தன் அப்பா பெயரை வைக்கலாமா என்று கேட்டான். அவள் தலையாட்டினாள். அன்று பிளேடு அவன் கையில்தானே இருந்தது, தோல் மூடிக்கொண்டதை அவன்தானே பார்த்தான் என்று நினைத்தாள். கூப்பிட்டுச் சொல்ல வாயைத் திறந்தாள். அவன் சைக்கிளில் ஏறிப் போய்விட்டான்.

மழை விட்டிருந்தது. பின்கதவு வழியாகச் சாயங்கால வெயில் வந்தது, மழைக்குப் பிறகு அடிக்கிற அந்தக் கூர்மையான மஞ்சள் வெயில். குளிப்பதற்காகப் பலகை போட்டு உட்கார்ந்திருந்தாள். பாவாடையை இறக்கி, வயிற்றில் தண்ணீர் ஊற்றினாள். தண்ணீர் உருண்டு ஓடியது. வெயில் வயிற்றின் மேல் விழுந்தது.

விழுந்த வெயில் உள்ளே போனது.

முதலில் சிவப்பாகத் தெரிந்தது. பிறகு மஞ்சள். பிறகு தோல் கண்ணாடியாகத் தெளிந்தது. அடியில் மண்டி மாதிரி ஏதோ தங்கியிருந்தது. அதற்கு மேலே மயிர். நீளமான கறுப்பு மயிர், தண்ணீருக்குள் பாசி அசைவதுபோல் மெல்ல அசைந்தது. இத்தனை மயிரா. எத்தனை காலம் உள்ளே இருந்தால் இத்தனை மயிர் வளரும்.

அவள் அசையவில்லை. மூச்சும் விடவில்லை.

ஒரு கை வந்தது. ஐந்து விரல். நகம் வளர்ந்து வளைந்திருந்தது. உள்ளங்கை தோலில் அழுந்தியது. ஒவ்வொரு விரலுக்கும் தோல் தனித்தனியாக நீண்டது. நீண்டுகொண்டே போனது. கிழியவில்லை. வலிக்கவும் இல்லை. கை பின்வாங்கியது. தோல் பழையபடி உருண்டையானது.

மறுபடி வந்தது. மறுபடி.

"வாடா," என்றாள். "வந்துருடா கண்ணு."

தானே இரண்டு கையாலும் தோலைப் பிடித்து இழுத்தாள். நகத்தை ஊன்றினாள். வழுக்கியது. சாலையில் சைக்கிள் மணி கேட்டது. லாரி கிடைத்துவிட்டது மேரி என்று இஞ்ஞாசிமுத்து தூரத்திலிருந்தே சந்தோஷமாகக் கூவிக்கொண்டு வந்தான்.

உள்ளே அது மெதுவாகத் திரும்பியது.

முகம். அவளுடைய மூக்கு. அவனுடைய நெற்றி. திறந்த கண்கள். மங்கலில்லை, தூக்கமில்லை. வெளிச்சத்தைப் பார்த்தது. பிறகு அவளைப் பார்த்தது. அவள் யாரென்று தெரிந்துகொண்டது. நெற்றியைத் தோலோடு ஒட்டவைத்து, வாயை முழுக்கத் திறந்தது. தொண்டை விம்மியது. முகம் சிவந்து சுருங்கியது.

பிள்ளை அழுதது. சத்தம் வெளியே வரவில்லை.